அஞ்சே முக்காலுக்கு மாமியார் அமுக்கிய பட்டன்

மருமகள் மாமியாருக்குக் கெடுதல் செய்தாள் என்று பஞ்சாயத்து கூடி நான் பார்த்திருக்கிறேன். மாமியாருக்கு நல்லது செய்துவிட்டாள் என்று பஞ்சாயத்து கூடியது என் விஷயத்தில்தான். மரக்காணம் உப்பளத்துப் பக்கம் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவள். புதுச்சேரியில் ஒரு சின்ன ஆபீஸ். வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் போய் வருவேன். மீதி நாள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்துக்கொள்வேன். கணவருக்குச் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் மாமியாரும்தான்.

கல்யாணமாகி ஆறு வருஷம். சண்டை கிண்டை எதுவும் கிடையாது. ஆனால் என் மாமியார் என்னைப் பற்றி வெளியாளிடம் பேசும்போது 'அது' என்றுதான் சொல்வார். "அது உள்ள கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்குது." "அதுக்கு வெங்காயம் நறுக்கத் தெரியாது." மீன் குழம்பு வைத்தால் எனக்கு வால் துண்டு. ஆறு வருஷமும் வால் துண்டு. மீன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எனக்கென்று வால் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். எனக்கு உள்ளுக்குள் எரியும், வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

மாமியாருக்கு அளத்தில் ஒரு பகுதி குத்தகைக்கு உண்டு. உப்பு வார இரண்டு பெண்கள் வருவார்கள். உப்பு வாருகிற வேலை வெயில் ஏறுமுன் முடிய வேண்டும்; அதனால் நாலு மணிக்கெல்லாம் ஊரே பாத்தியில் நிற்கும். என் மாமியார் மட்டும் எட்டு மணிக்குக் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் வந்து இறங்குவார். கேட்டால் முட்டி வலி என்பார். அந்த முட்டிக்கும் விடியற்காலைக்கும் என்ன தகராறோ தெரியாது, எட்டு மணிக்கு மேல் வலி சரியாகிவிடும்.

வாரிய உப்பைக் கரையில் குவித்து, கீற்றுப் போட்டு மூடி, லாரிக்குக் காத்திருப்பார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து லாரிதான் வரும். அன்றைக்கு முதலில் பெயர் கொடுத்தவருக்கு முதல் லாரி. வானம் தெளிவாக இருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மேகம் கூடிவிட்டால் போச்சு; கடைசி முறைக்காரர் குவியல் நனைந்து, மாசக்கணக்கான உழைப்பு தண்ணீராக ஓடும்.

எங்கள் பக்கத்து உப்புக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். சங்கத்துக்கு ஒரு தகரக் கொட்டகை. பல வருஷமாக முறை பிடிப்பது கூடையால்தான். அளத்துக்குப் போகிற வழியில் ஆளுக்கொரு கூடையைக் கொட்டகை வாசலில் வரிசையாக வைத்துவிட்டுப் போவார்கள். கூடைக்குக் கூடை பெயிண்டில் ஒரு அடையாளம் இருக்கும். பக்கத்துப் பாத்திக்கார அக்காவின் கூடையில் சிவப்புப் பட்டை. மூன்றரைக்கே எழுந்துவிடுகிறவர் என்பதால் அதுதான் எப்போதும் முதல். என் மாமியார் கூடையில் நீலப் பொட்டு. அது எப்போதும் கடைசி. இந்த வரிசையை யாரோ காலால் தள்ளிவிட்டார்கள், நாய் உருட்டிவிட்டது, நடுவில் ஒரு கூடை புதிதாக முளைத்திருக்கிறது என்று தினம் ஒரு சண்டை நடக்கும்.

சங்கத் தலைவர் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, நீ கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்றியாமே. இந்தக் கூடைச் சண்டைக்கு ஒரு வழி பண்ணேன். உனக்குப் புண்ணியமா போவும்."

புண்ணியத்துக்கு ஆசைப்பட்டு எழுதினேன். ஒரே பக்கம், அதில் ஒரே பட்டன்: 'இன்னிக்கு லோடு இருக்கு'. போனில் அதைத் தொட்டால் பெயர் அன்றைய பட்டியலில் ஏறும். முதலில் தொட்டவர் முதல். எட்டு மணிக்குத் தலைவர் பட்டியலைத் திறந்து படிப்பார். அவ்வளவுதான்.

முதல் இரண்டு வாரம் கொட்டகையிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து ஓட்டினேன். அளத்துக்குப் போகிறவர்கள் கொட்டகைப் பக்கம் நின்று, அங்கே இருந்த வைஃபையைப் பிடித்து, பட்டனைத் தொட்டுவிட்டுப் போவார்கள். சிவப்புப் பட்டை அக்கா முதல், என் மாமியார் எட்டு மணிக்கு வந்து கடைசி. கூடை காலத்து வரிசை அப்படியே கம்ப்யூட்டரில் வந்திருந்தது. எல்லோருக்கும் திருப்தி. எனக்குத் தலைக்கனம்.

பிறகு உப்புக் காற்று தன் வேலையைக் காட்டியது. கம்ப்யூட்டரின் உள்ளே காற்றாடி துருப்பிடித்து, கறக் கறக் என்று சத்தம் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக அடங்கிவிட்டது. நான் அசரவில்லை. வெளியூரில் ஒரு சர்வரைப் பிடித்து, எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். "இனிமே கொட்டகைக்கு வர வேண்டியதில்ல. வீட்ல இருந்தே அமுக்கலாம்" என்று தலைவரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குத் தலைவர் பட்டியலைத் திறந்தார். முதல் பெயர், என் மாமியார்.

கொட்டகையே ஸ்தம்பித்துப் போயிற்றாம். சிவப்புப் பட்டை அக்கா பெயர் பட்டியலிலேயே இல்லை. நாலு மணிக்கு அமுக்கிய யார் பெயரும் இல்லை. "பதிவாகிவிட்டது" என்று எல்லோர் போனிலும் வந்திருக்கிறது, ஆனால் பட்டியலில் ஆள் இல்லை. அவர்கள் எல்லோரும் எட்டு மணிக்கு மறுபடி அமுக்கிக் கீழே போய் நின்றார்கள். ஊரில் முந்தி எழுந்தவர்களெல்லாம் கடைசியில். பிந்தி எழுந்த ஒரே ஆள் முதலில்.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. அன்று சிவப்புப் பட்டை அக்கா நேராக எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். கையில் உப்பு காயவில்லை.

"ஏம்மா, கொட்டகைல இருந்த வரைக்கும் ஒழுங்கா இருந்துச்சு. நீ எங்கயோ வெளியூருக்குக் கொண்டு போன மறுநாளே உன் மாமியா பேரு மேல ஏறிடுச்சு. எங்களப் பாத்தா கேணச்சி மாதிரி இருக்குதா?"

"அக்கா, சத்தியமா நான் எதுவும் பண்ணலக்கா. பாக்குறேன், உடனே பாக்குறேன்."

பார்த்தேன். பத்து மணிக்கு என் லேப்டாப்பில் அதே அப்ளிகேஷனை ஓட்டி, அக்கா பெயரில் அமுக்கினேன். அழகாக அன்றைய பட்டியலில் ஏறியது. வெளியூர் சர்வரிலும் அமுக்கிப் பார்த்தேன். அங்கேயும் அழகாக ஏறியது. எழுதினதை வரி வரியாகப் படித்தேன். ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. "என் மெஷின்ல ஓடுது" என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிற வாக்கியம், யாருக்கும் உதவாத வாக்கியமும் அதுதான். ஆபீஸில் என் டீம் லீடுக்குப் போன் போட்டேன். அவர் முழுசாகக் கேட்கவே இல்லை. "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்றார். பண்ணினேன். புதன்கிழமையும் மாமியார்தான் முதல்.

சர்வர் தனக்கென்று ஒரு டைரி எழுதும். யார் எத்தனை மணிக்கு எதைத் தொட்டார்கள் என்று ஒன்று விடாமல் அதில் இருக்கும். லாக் என்போம். புதன்கிழமை காலையிலேயே அதைத் தோண்டினேன். அக்காவின் பதிவு கிடைத்துவிட்டது! செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்து மணி இருபது நிமிடம் என்று போட்டிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அளத்துக்கே ஓடினேன்.

"அக்கா, தப்பு என்மேல இல்லக்கா. நீங்க நேத்து ராத்திரி பத்து இருவதுக்கே அமுக்கிட்டீங்க. அதான் நேத்துப் பட்டியல்ல போய் விழுந்திருக்குது."

அக்கா கையிலிருந்த உப்பு வாரும் பலகையைப் பாத்தியிலேயே போட்டுவிட்டார். "பத்து இருவதா? எட்டு மணிக்குப் படுக்குறவடி நான். அந்நேரம் எங்க ஊட்டு நாய் கூட முழிச்சிருக்காது. மூணே முக்காலு தாண்டி, டீ வச்சிக்கினே அமுக்குனேன். என்னையே பொய்க்காரின்றியா?"

சுற்றிலும் இருந்த பெண்கள் எல்லோரும் வாருவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மனுஷர் ஒன்று சொல்லி, லாக் வேறொன்று சொன்னால், லாக்கைத்தான் நம்புவோம். அக்கா வயசுக்கு நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது. ஆனால் மனசுக்குள் 'இந்த அக்காதான் ஏதோ மறைக்கிறார்' என்றே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து லாக்கை மேலும் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மாமியாரின் பதிவு, பன்னிரண்டு மணி பதினைந்து நிமிடம். தினமும் அதே நேரம், ஐந்து நிமிடம் முன்னே பின்னே. நடுராத்திரி தாண்டியதும் புதுத் தேதி பிறக்கும், பிறந்த பதினைந்தாவது நிமிடம் இவர் பட்டனை அமுக்கியிருக்கிறார். அடேயப்பா! முட்டி வலி என்று எட்டு மணி வரை படுத்திருக்கிற மனுஷி, ஊர் தூங்கினபின் எழுந்து பட்டனை அமுக்கிவிட்டுப் படுத்துக்கொள்கிறார். அதில் தப்பு ஒன்றும் இல்லை, சட்டப்படி சரிதான். ஆனாலும் என்ன கள்ளத்தனம்! நிஜமாகச் சொல்கிறேன், எனக்கு அவர்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது.

இதற்கு நடுவே சமையலறையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. புதன்கிழமை சங்கரா மீன் குழம்பு. என் தட்டில் நடுத்துண்டு விழுந்தது. நான் கரண்டியைப் பார்த்தேன், மாமியாரைப் பார்த்தேன்.

"நல்லா சாப்புடு. மூள வேல செய்யுறவ" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளிய யாரும் கண்டுபுடிக்க முடியாதுல்ல?" என்றார்.

நடுராத்திரி விஷயத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "நான் யார்கிட்டயும் சொல்லலத்த."

"அதானே. நீ கெட்டிக்காரி."

வியாழக்கிழமை காபி டம்ளர் என் மேஜைக்கே வந்தது. கூடவே முறுக்கு. வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு எனக்கு லஞ்சம் கொடுக்கிறார் என்று நான் ரசித்து ரசித்துத் தின்றேன். ஆறு வருஷத்து வாலுக்குப் பழி தீர்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

அதற்குள் ஊரில் பேச்சு முற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சங்கக் கூட்டம் என்று தலைவர் சொல்லி அனுப்பினார். இந்தக் கம்ப்யூட்டர் வேண்டாம், கூடைக்கே திரும்பிவிடலாம் என்பதுதான் பேச்சு. அது போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் போகிற போக்கில் என் பெயரையும் எடுத்துக்கொண்டு போகும். தில்லுமுல்லுக்காரி என்ற பெயரோடு நான் இந்த ஊரில் எப்படிக் குடியிருப்பது?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குழாயில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவுக்கு அஞ்சே முக்காலுக்கு வரும், அரை மணி நேரத்தில் நின்றுவிடும். வழக்கமாக மாமியார் வீட்டு வாசலிலேயே வாளிகளை வைத்துவிட்டுப் படுத்திருப்பார், நான்தான் பிடிப்பேன். அன்று வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் அறையைத் தாண்டும்போது உள்ளே பார்த்தேன். குழாய்ச் சத்தத்தில் விழித்திருக்கிறார். பாதிக் கண்ணைத் திறந்து, தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து, கட்டைவிரலால் பட்டனை ஒரு அமுக்கு அமுக்கி, போனை மறுபடி சொருகிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு ஒரு சந்தேகம். வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டு ஓடிவந்து லாக்கைத் திறந்தேன். புது வரி ஒன்று வந்திருந்தது. மாமியார் பெயர். பன்னிரண்டு மணி பதினைந்து நிமிடம்.

சுவர்க் கடிகாரத்தில் அஞ்சே முக்கால். சர்வருக்குப் பன்னிரண்டேகால்.

அட கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்த வெளியூர் சர்வர் நம் நேரத்தில் இல்லை. அது உலகப் பொது நேரத்தில், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்குக் காலை அஞ்சரை அடித்தால்தான் அதற்குப் புது நாள் பிறக்கும். அக்கா மூணே முக்காலுக்கு டீ வைத்துக்கொண்டே அமுக்கியது அதற்கு முந்தின நாள் ராத்திரி பத்தேகால். அதனால் அவர் பெயர் முடிந்துபோன பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டது. அஞ்சரைக்கு முன்னால் அமுக்கிய அத்தனை பேரும் அப்படியே. அஞ்சரைக்குமேல் வீட்டில் போனும் கையுமாக இருக்கிற ஆள் இந்த ஊரிலேயே என் மாமியார் ஒருவர்தான். மற்றவர்கள் அந்நேரம் பாத்தியில் நிற்பார்கள், போன் சோற்றுப் பையில் கிடக்கும்.

இது எங்கள் தொழிலில் சேர்ந்த முதல் மாதமே படிக்கிற பாடம். ஆபீஸ் சர்வர்களில் யாரோ புண்ணியவான் நேரத்தை மாற்றி வைத்திருந்தார். நான் அந்தச் சுகத்திலேயே வருஷக்கணக்காக ஓட்டிவிட்டேன். எல்லாச் சோதனையும் பத்து மணிக்குக் காபி குடித்துக்கொண்டு செய்தேன். பத்து மணிக்குச் சோதித்தால் எந்தச் சர்வரும் ஒழுங்காகத்தான் இருக்கும். நாலு மணிக்கு எழுகிற ஊருக்கு நாலு மணிக்குச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நடுராத்திரிக் கள்ளி என்று மாமியாரை நினைத்ததற்கும், பொய்க்காரி என்று அக்காவை நினைத்ததற்கும் வெட்கமாக இருந்தது. வாசலில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

சரி, கையோடு சரி செய்திருக்க வேண்டியதுதானே என்பீர்கள். ஒரே ஒரு வரி. ஆனால் வெள்ளிக்கிழமை ஓடுகிற சர்வரில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் சம்பிரதாயம். சனி ஞாயிறு ஏதாவது வெடித்தால் பார்க்க ஆள் இருக்காது என்பதற்காக வந்த பழக்கம். நான் அந்தச் சம்பிரதாயத்தை அதற்கு முன் ஒருநாளும் மதித்ததில்லை. அன்று மதித்தேன். காரணம் பருப்பு வடை.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் கிடையாது. அதற்குப் பதிலாக மாமியார் வடை சுட்டார். சூடாக நாலு வடையைத் தட்டில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "ஊரு ஆயிரம் பேசும், நீ கவலப்படாத. எனக்கோசரம் இவ்ளோ பண்ணியிருக்க. என் புள்ள கூட எனக்குன்னு இப்பிடி ஒண்ணு பண்ணதில்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நடுத்துண்டும் காபியும் முறுக்கும் லஞ்சம் இல்லை. ஊர் சொல்கிறதை இவர் நம்பியிருக்கிறார்! மருமகள் தனக்காகவே கம்ப்யூட்டரில் தில்லுமுல்லு செய்திருக்கிறாள் என்று நினைத்து, மனசு குளிர்ந்துபோய் இருக்கிறார். 'இல்லத்த, அது வெறும் கடிகாரத் தப்பு' என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. ஆறு வருஷம் கழித்து ஒருத்தர் என் தட்டைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினால் யாருக்குத்தான் பிடிக்காது? இரண்டு நாளில் என்ன குடிமுழுகிப் போகும், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை கணவர் வந்தார். வஞ்சிரம். நடுத்துண்டு என் தட்டுக்கு வந்ததும் அவர் பதறிப்போனார். "அம்மா, அது என் துண்டும்மா."

"நீ வாலத் தின்னு" என்றார் மாமியார்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பெரிய மழை ஒன்றும் இல்லை, கால் மணி நேரத் தூறல். எங்கள் குவியல் முதல் லாரியிலேயே போய்விட்டிருந்தது. சாயங்காலம் அளத்துப் பக்கம் போனேன். சிவப்புப் பட்டை அக்காவின் குவியலில் கீற்று விலகிய இடத்தில் ஒரு பக்கம் சரிந்து, அடியில் கலங்கிய தண்ணீர் நின்றது. அக்கா கையால் வரப்புக் கட்டிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்து மண்ணை அள்ளி வைத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போனால், வாசலில் கூடைகள். சிவப்புப் பட்டை, மஞ்சள் வட்டம், பச்சைக் கோடு என்று எல்லாக் கூடைகளும் பரணிலிருந்து இறங்கி வரிசையாக உட்கார்ந்திருந்தன. கூட்டம் தொடங்குமுன்பே தீர்ப்பு வந்துவிட்ட மாதிரி இருந்தது. மாமியார் எனக்குப் பக்கத்தில் குடையை மடித்துக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "ஏம்மா, நான் உன்ன நம்பித்தான் குடுத்தேன். ஒரு வாரமா ஒரே பேருதான் மொதல்ல வருது. எல்லாரும் கேக்குறாங்க. இன்னா சொல்ற?"

நான் லேப்டாப்பைத் திறந்தேன். ராத்திரியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாயைத் திறக்குமுன் பக்கத்தில் ஒரு அசைவு. முட்டியைப் பிடித்துக்கொண்டு மாமியார் எழுந்து நின்றார்.

"அதுல கேக்குறதுக்கு இன்னா இருக்குது? ஆமா, எனக்கோசரம் தான் பண்ணா. என் மருமக எனக்குப் பண்ணாம உங்க மாமியாளுக்கா பண்ணுவா?"

கொட்டகை இரண்டாகப் பிளந்தது. "பாத்தியா, பாத்தியா! அவளே ஒத்துக்கினா!" என்று அக்கா எழுந்து குதித்தார். ஆளுக்கு ஆள் கத்தினார்கள். என் மாமியார் நடுவில் நிமிர்ந்து நின்றார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை நான் பார்த்ததில்லை.

எனக்கு என்ன தோன்றியது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மானம் போயிற்று என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது. முதலில் தோன்றியது, 'என் மருமக' என்கிறாரே என்பதுதான். ஊர் முன்னால், வாய் நிறைய, 'அது' இல்லை. சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த மனுஷியைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால், இல்லை என்று சொல்ல வேண்டும். அக்காவின் சரிந்த குவியல் கண்ணில் நின்றது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அத்த, உக்காருங்க. நான் உங்களுக்காக எதுவும் பண்ணல."

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. லேப்டாப்பைத் தலைவர் பக்கம் திருப்பினேன். அதன் கடிகாரத்தை அந்தச் சர்வர் நேரத்துக்கு மாற்றினேன். "இப்போ நம்ம ஊர்ல விடியக்காலம் மூணே முக்காலுன்னு வச்சிக்குங்க" என்று நேரத்தையும் வைத்தேன். "அக்கா, நீங்களே வந்து அமுக்குங்க."

அக்கா சந்தேகத்தோடு வந்து ஒரு விரலால் தொட்டார். 'பதிவாகிவிட்டது.' இன்றைய பட்டியலைத் திறந்தேன். காலி. நேற்றைய பட்டியலைத் திறந்தேன். அடியில் அக்கா பெயர். பிறகு நேரத்தை அஞ்சே முக்காலுக்கு மாற்றி, மாமியார் பெயரில் அமுக்கினேன். இன்றைய பட்டியலில் முதல்.

"அந்தச் சர்வருக்கு நம்ம அஞ்சரைக்குத்தான் நாள் பொறக்குது. அதுக்கு முன்னாடி எழுந்தவங்க எல்லாம் நேத்துல விழுந்துட்டீங்க. இது என் தப்பு. வெள்ளிக்கெழமையே கண்டுபுடிச்சிட்டேன், சரி பண்ணாம விட்டதும் என் தப்பு. அக்கா, உங்க உப்பு நனஞ்சதும் என்னாலதான். நீங்க சொன்னது தான் நெசம், லாக் சொன்னது பொய்."

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா? எட்டு மணிக்குப் படுக்குறவ நான்னு சொன்னேனா இல்லியா?" நனைந்த உப்பைவிட, பொய்க்காரி இல்லை என்று ஆனதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. யாரோ சிரித்தார்கள். "அப்போ தூங்குமூஞ்சிக்குத்தான் மொத லாரின்னு கம்ப்யூட்டரே முடிவு பண்ணிடுச்சா!" என்று ஒரு குரல். கொட்டகை முழுக்கச் சிரித்தது. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், அதற்குள் சரியாக ஓடவில்லையென்றால் கூடைதான் என்று தலைவர் முடித்துவைத்தார்.

திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் மாமியார் இல்லை. குடை மட்டும் கிடந்தது. உச்சி வெயிலில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் தனியாக நடந்துபோய்க்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய்க் குடையைச் சுவரில் சாய்த்தேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார். "அப்போ எனக்குன்னு நீ ஒண்ணுமே பண்ணல."

"இல்லத்த."

"சரி."

அன்று எனக்கு வால் துண்டு. கணவர் தன் நடுத்துண்டைத் தின்றுவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறிவிட்டார். நான் உட்கார்ந்து அந்த ஒரு வரியைச் சரி செய்து, பட்டியல் எல்லோர் போனிலும் உடனே தெரியும்படி திறந்துவிட்டு, சர்வரில் ஏற்றினேன். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை குழாய்ச் சத்தத்துக்கு எழுந்தேன். மாமியார் அறை காலி. பாய் சுருட்டி வைத்திருந்தது. குடை சுவரிலேயே இருந்தது. முதலில் லாக்கைத்தான் திறந்தேன், பழக்கதோஷம். மாமியார் பெயர் இருந்தது. ஒரு தடவை இல்லை, பதினோரு தடவை. மூன்று மணி பத்து நிமிடத்திலிருந்து நாலு மணி வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு அமுக்கு. என் திருத்தம் கோளாறாகி, பட்டன் வேலை செய்யவில்லையோ என்று பயந்து, குடையை எடுத்துக்கொண்டு அளத்துக்கு ஓடினேன்.

வரப்பில் கூட்டம். நடுவில் என் மாமியார், கவிழ்த்துப் போட்ட நீலப்பொட்டுக் கூடையின்மேல் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்து, தலை கலைந்து, கையில் போன். சூரியன் கிளம்பி ஒரு ஆள் உயரம் வந்துவிட்டிருந்தது. எதிரில் சிவப்புப் பட்டை அக்கா.

"நல்லா இருக்குதே நியாயம்! சரி பண்ணிட்டேன்னு ஊரக் கூட்டிச் சொன்னா. இன்னிக்கும் இவ பேருதான் மொதல்ல. மறுபடியும் மருமக வேலையக் காட்டிட்டா பாரு!"

எனக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, இல்லக்கா, லாக்ல..." என்று ஆரம்பித்தேன். மாமியார் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"இந்தாடி, மூணு மணிக்கு நானே எழுந்தேன். நானே அமுக்குனேன். பதினோரு வாட்டி அமுக்கி, இன்னித் தேதிலயே நிக்குதான்னு பாத்துட்டுத்தான் இங்க வந்தேன். மறுபடி அவள கொட்டகைல நிக்க வச்சிக் கேப்பீங்கல்ல? அவ எனக்கு ஒண்ணும் பண்ணல. அத்தினி பேரு முன்னாடி அவளே சொன்னாள்ல? என் மருமக பொய் சொல்ல மாட்டா."

அக்கா தன் பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினார். நான் குடையை விரித்தேன்.

"இன்னாடி நிக்கிற, இப்பிடிப் புடி" என்றார் மாமியார். "முட்டியில வெயில் படுது."